அப்பா என்று அழுத குரல்

என் வீட்டுக்காரர் இருதயராஜ் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். 2006இல் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம். ஆம்பூரில் நான் சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியின் கேட்டுக்கு வெளியே, பேங்கில் பணம் எடுக்கும் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும்.

“ஜெபா, நம்ம ஜெஸ்டனுக்கு ஆக்ஸிடன்ட் ஆய்டுச்சி. மஸ்கட்ல ஆஸ்பத்திரில கெடக்குறான். ரெண்டு லட்சம் கட்டினாதான் ஆபரேஷனாம். அவன் தோஸ்த்து ஒருத்தன் போன் பண்ணான். இங்கயே ஆள் வந்து பணத்த வாங்கிக்குமாம். சீக்கிரம் போடு!”

 ஒரே பிள்ளை. அந்தப் பணமோ, இவர் ஆயுசெல்லாம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று சேர்த்தது. போனால் போகிறது என்று பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன்.

“புள்ள பேசினானா?” என்றேன்.

“பேசினான். ‘அப்பா, என்னைக் காப்பாத்துங்கப்பா’ன்னு ஒரே அழுவ.”

“இன்னாது? அப்பாவா?”

பேச்சு வந்த நாளிலிருந்து என் பிள்ளை இவரை நைனா என்றுதான் கூப்பிடுவான். ‘வாங்க, போங்க’ கதையெல்லாம் கிடையாது. ‘வா நைனா, போ நைனா’தான். உயிர் போகிற நேரத்தில் மரியாதை எங்கிருந்து முளைக்கும்?

பிள்ளையின் மஸ்கட் நம்பருக்கு அடித்தோம். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. இவர் தலையிலடித்துக்கொண்டார்.

“நீ வக்கீலு மாதிரி பேசிக்கினு இரு. அங்க என் புள்ள செத்துடுவான்!”

எனக்கு மட்டும் பயமில்லையா? ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கி, பெற்ற பிள்ளையைச் சாகவிட்ட பாவியாகிவிடுவேனோ?

அப்போது இவருடைய செல்போன் அடித்தது. பிடுங்கிக் காதில் வைத்தேன். அதே அழுகைக் குரல்.

“அழுவாதடா ராஜா. சேதி கேட்டு உன் பொண்டாட்டி மயங்கி விழுந்துட்டா. கொழந்த வேற கத்திக்கினு கீது,” என்றேன்.

“அய்யோ! அவளப் பாத்துக்கோங்கம்மா! கொழந்த பத்திரம்மா!”

அடப்பாவி! என் பிள்ளைக்கு அப்போதுதான் வாணியம்பாடியில் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் குழந்தையே பிறந்துவிட்டது!

வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டேன். “பணம் எங்கிட்டதான் இருக்குடா கண்ணு. அஞ்சு மணிக்கு கம்பெனி கேட்டுக்கு ஆள அனுப்பச் சொல்லு,” என்று தேனாகப் பேசி வைத்தேன். ஆபீஸிலிருந்து போலீஸுக்குப் போன் போடச் சொன்னேன். பிறகு தையல் லைனில் வஹீதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளிடம் சொன்னால் தண்டோராவே வேண்டாம்.

ஐந்து மணிக்கு ஒருத்தன் பைக்கில் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் ஒரு பை.

“ஜெஸ்டன் அம்மாவா? பணம் ரெடியா?”

“ரெடி தம்பி. கொஞ்சம் இரு.”

கம்பெனிச் சங்கு ஊதியது. அவனுக்கும் சேர்த்துத்தான் ஊதியது. கேட் திறந்ததும் ஐந்நூறு பெண்கள் டிபன் பையோடு வெளியே வந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள். வஹீதா பைக் சாவியை உருவினாள்.

“ஓடுடா பாக்கலாம். எந்தப் பக்கம் ஓடுவ?”

ஒருத்தியும் கை வைக்கவில்லை. அவனே ரோட்டில் குந்தி, “விட்ருங்கக்கா, தெரியாம வந்துட்டேன்,” என்று கும்பிட்டான். போலீஸ் வந்து பையைப் பிரித்தால், காலையில் ஆற்காட்டில் ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மாவிடம் இதே கதையைச் சொல்லி வாங்கிய பணம் கட்டோடு இருந்தது; அவனே ஒப்புக்கொண்டான். எங்கள் பெண்கள் விசிலடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர் மட்டும் சுவரோரம் போனைப் பார்த்தபடியே நின்றார். திருடன் பிடிபட்டால் ஆயிற்றா, பிள்ளை குரலைக் கேட்க வேண்டாமா? அதைப் பார்த்ததும் என் குதூகலமும் அடங்கிவிட்டது. போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

போன் அடித்தது. நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

“இன்னா, இத்தினி தபா போன் பண்ணிகிறீங்க? நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கிட்டேன். யாருக்கு இன்னா ஆச்சி?”

இவர் போனை என் கையில் திணித்துவிட்டு, அந்த ஐந்நூறு பேரையும் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

“தூங்கினானாம்! எம்புள்ள தூங்கினானாம்!”