எட்டாவது ‘பி’யின் வாசல்படி

வெயிலில் காய்ந்த சிமெண்டுப் படி, அதன்மேல் இரண்டு முட்டிகள், அந்தச் சூடு அஞ்சுகத்துக்கு இன்றைக்கும் முட்டியில் ஏறுகிறது, ஆனால் இன்று அவள் நிற்கிறாள், பத்தொன்பது வயதில், முதல் ஓட்டுப் போட, அதே படிக்கு ஆறடி இப்பால், எட்டாவது ‘பி’ வகுப்பறையைத்தான் வாக்குச்சாவடி ஆக்கியிருக்கிறார்கள், பார்த்தாயா கூத்தை, சிரிப்பு வருகிறது. சுருட்டை முடி அவளுக்கு, சீப்புக்கும் அடங்காது ரிப்பனுக்கும் அடங்காது, இங்கே படித்தபோது சரோஜினி டீச்சர் அளவுகோலால் விரலில் அடித்துச் சொல்வார், காலனிப் புள்ளைங்களுக்கு ஒழுக்கம்னா என்னன்னே தெரியாது, தலையப் பாரு காக்கா கூடு மாதிரி, வெளிய போ, முட்டி போடு, மேலத்தெருப் பிள்ளைகளின் தலை கலைந்தால் மட்டும் டீச்சரே வாரிவிடுவார், பதினோரு நாள் முட்டி போட்டவள் பன்னிரண்டாம் நாள் கேட்டுவிட்டாள், ஏன் டீச்சர் எனக்கு மட்டும், அவ்வளவுதான், வாய் நீளம் என்று டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள், அம்மா அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த ஊர்ப் பள்ளிக்கு மகளை இழுத்துக்கொண்டு நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள், வரிசையில நேரா நில்லுங்கம்மா என்று பின்னாலிருந்து ஒரு குரல், திரும்பாமலே தெரிந்துவிட்டது, ரிட்டயர் ஆகியும் அந்த அதிகாரம் போகவில்லை, சரோஜினி டீச்சரேதான்.

அந்தப் பழைய பயத்தில்தான் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தபோது அம்மா தலையில் எண்ணெயைக் கவிழ்த்து, படியப் படிய வாரி, ரெட்டை ஜடை போட்டுவிட்டாள், கவர்மெண்டு காரியம்டி, அடக்க ஒடுக்கமா இரு. இன்று அஞ்சுகம் சீயக்காய் தேய்த்துக் குளித்து முடியை அதன் போக்கில் விட்டுவிட்டாள், இன்னிக்கு என் நாளும்மா. வினை அங்கேதான் வந்தது, படி தாண்டி அட்டையை நீட்டியதும் மேலத்தெரு ஏஜெண்ட் துள்ளி எழுந்தார், சார் நிறுத்துங்க, படத்துல இருக்கறது வேற பொண்ணு, இது கள்ள ஓட்டு, காலனியில் ஒரு ஓட்டு குறைந்தாலும் அவருக்குக் கொண்டாட்டம்தானே. வெளியூர் அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உன்ன அடையாளம் சொல்ல இங்க யாராவது இருக்காங்களாம்மா, இல்லன்னா ஓட்டுப் போட விட முடியாது. அம்மா காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு நடவுக்குப் போய்விட்டாள், அஞ்சுகத்தின் கை தானாக முடிக்குப் போனது, மறுபடியும் இந்த முடியா, மறுபடியும் இந்தப் படியா, வாசலில் சரோஜினி டீச்சர் நிற்கிறார், வெளிய போ என்று சொல்லத்தான் அந்த வாய் திறக்கிறது.

அவ அஞ்சுகம்தான் சார், எட்டாவது ‘பி’, இந்த முடி இந்த ஊருக்கே ஒண்ணுதான், இதுக்காகவே பதினோரு நாள் இந்தப் படியில முட்டி போட வச்சவ நான், எனக்குத் தெரியாதா.

ஏஜெண்ட் உட்கார்ந்துவிட்டார், பதினோரு நாள், அப்படியானால் டீச்சரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாரா, அளவுகோல் விழுந்த அதே ஆள்காட்டி விரலில் மை குளிர்ந்தது, பொத்தானை அமுக்கினாள், பீப் என்று அறை முழுக்கக் கேட்டது, ஐயோ, கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவ்ளோதாம்மா, வெளிய போலாம் என்றார் அதிகாரி. போனாள், வாசல்படி சுட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேலேயே நன்றாகக் காலூன்றி நின்றுகொண்டாள், டீச்சர் ஓட்டுப் போட்டுவிட்டு இந்த வழியாகத்தான் வர வேண்டும், பன்னிரண்டாம் நாள் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.