அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அடைப்புக்குறியிலிருந்து கிடைத்தது. ஒசாகாவில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். குற்றச்செய்தியில் பிடிபட்டவர் ஜப்பானியர் என்றால் பெயரும் வயதும் போதும். இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர் என்றால், ஊர் அறிந்த ஜப்பானியப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் கொரியப் பெயரையும் நுழைப்பது எங்கள் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

முதல் தொடக்கம்: "கத்தியுடன் கடைக்குள் பாய்ந்த கொரியர்..."

[அடித்துவிட்டேன். கதை எழுத உட்கார்ந்தாலும் அதே புத்தி.]

2

அராய் தெத்சுயா குற்றச்செய்திகள் எழுதுபவர். அவரும் கொரியர் என்பது, என்னைத் தவிர, அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் அவர் பெயர் சங்ஹோ.* மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அவர் செய்த காரியம்தான் கொடுமை: அடைப்புக்குறியை ஒருநாளும் மறக்காத ஒரே ஆள் அவர்தான். ஆசிரியர் மியாவுச்சி அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்வார்.

* பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றிய பிறகும் பயமாகத்தான் இருக்கிறது.

3

அன்று மாலைப் பதிப்பு முடியப் பத்து நிமிடம். கடைக்காரர் ஒருவரைக் குத்திய சந்தேகத்தில் பிடிபட்டவர் நிஷிஹாரா, வயது 34, கொரியர். குத்து நடந்தது, அராயின் அம்மா கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய் விற்கும் அதே தெருவில். போன வருடம் இப்படி ஒரு செய்தி வந்த மறுநாள், அம்மாவின் கடைக் கதவில் 'ஊரைவிட்டு ஓடு' என்று சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தச் செய்தியை எழுதியது அராய்.

கைப்பேசி அடித்தது. மாடிப்படிக்கு ஓடினார். பின்னாலேயே வந்த எனக்கு, கைப்பேசியில் உரக்கப் பேசிய அம்மாவின் குரல் உட்பட எல்லாம் கேட்டது.

"சங்ஹோ, டிவியில கத்திக்குத்துன்னு சொல்றாங்களே. நம்ம ஆளா?"

"இன்னும் தெரியலம்மா."

"பொய் சொன்னா உனக்கு உங்கப்பா குரல் வந்துடும்டா. கடைய மூடிடவா?"

"மூடிடும்மா. அத்தை வீட்டுக்குப் போயிடு."

திரும்பி வந்தபோது மியாவுச்சி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"என்னய்யா அராய், அடைப்புக்குறியக் காணோம்? உடம்பு சரியில்லையா?"

"போடறேன் சார். ஆனா அவன் குத்துனதுக்கும், எந்த நாட்டுக்காரன்ங்கறதுக்கும்..."

"திடீர்னு என்ன கரிசனம்? மாமனா, மச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அராயும் சிரித்தார்.

4

முடிவு ஒன்று: அவர் போடவில்லை. ஏன் என்று மியாவுச்சி தோண்டத் தொடங்க

[இதற்கு மேல் எழுதத் தைரியமில்லை.]

முடிவு இரண்டு: போட்டார். இந்த முறை பெயின்டோடு நிற்கவில்லை. கடைக்குள் அம்மா

[இதையும் முடிக்க முடியவில்லை.]

அச்சான அந்தப் பிரதியை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். கடைசியில் இந்தக் கதையை அராயிடமே கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"போட்டேன்னு முடிச்சிடுங்க."

"போட்டீங்களா?"

"அத விடுங்க. போடலன்னு எழுதினா, எந்த நாள் பேப்பர்ல அடைப்புக்குறி இல்லன்னு உக்காந்து தேடுவாங்க. என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்க."

போட்டார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போடவில்லை என்று எழுதவும் பயம். கடைசி வரியைக் காலியாக விடுகிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் மெதுவாக. அவர் பயப்படுவது உங்களைப் பார்த்துத்தான்.