கல்லுக்குள் ஒரு வளைந்த கோடு

நகைக்கடையில் என்னைக் கறாரக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். என் காதில் விழாது என்று அவர்களுக்கு நினைப்பு. வருகிற கல் மண்ணில் கிடைத்ததா, உலையில் வளர்த்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

கல்யாணம் பேசி முடித்திருந்த பையன் போட்டுவிட்டது என்று மகள் சிவப்புக் கல் மோதிரத்தோடு வந்து நின்றபோது, என் கை தானாகப் பைக்குள் லென்ஸைத் தேடியது. "அம்மா, இது வீடு, கடை இல்ல" என்று விரலை இழுத்துக்கொண்டாள். விடுவேனா? மறுநாள் அவள் குளிக்கப் போனதும், வாஷ்பேசின் ஓரத்தில் கிடந்த மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கல்லுக்குள் மெல்லிய கோடுகள், வளைந்து வளைந்து. மண்ணில் விளைந்த மாணிக்கத்தில் கோடு நேராக ஓடும். இது உலைக் கல்லேதான்.

மோதிரத்தைக் கிடந்த இடத்திலேயே வைத்தேன். உலைக் கல்லும் மாணிக்கம்தான், நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் கொடுத்தான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவளுடைய அப்பா என்ற புண்ணியவான் வாயைத் திறந்தாலே பொய். வேலை போன பிறகும் மாதக்கணக்கில் தலைவாரி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனுஷர். நான் பட்ட பாடு போதாதா, என் பெண்ணும் படவேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பையனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வாட்சுக்குக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் வேலை என்று மகள் சொல்லியிருந்தாள். வந்தான். கூச்சப்படாமல் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். எனக்கு அவனைப் பிடித்துத் தொலைந்தது. ஆனாலும் முடிவு செய்திருந்தேன்: பொய் சொன்னால் மோதிரத்தைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவது.

"தம்பி, கல்லு அருமையா இருக்கு. எந்தச் சுரங்கத்துக் கல்லு?"

மேஜைக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம். மகள் அவன் காலை உதைத்திருக்கிறாள். அவன் பேயறைந்தவன் மாதிரி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்தான். உண்மையைச் சொல்லிடுடா ராஜா என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"சுரங்கம் இல்ல அத்தை. எங்க கம்பெனி உலையில வளர்ந்தது. வாட்ச் கண்ணாடியும் அப்படித்தான் வளர்க்கறோம். பொடி தீயில உருகி, சொட்டுச் சொட்டா விழுந்து கல்லாகும். பக்கத்துலயே இருந்து நானே வளர்த்தேன். இவதான் உங்ககிட்ட சுரங்கத்துக் கல்லுன்னு சொல்லச் சொன்னா. எனக்கு வாய் வரல."

"போச்சு, மானத்த வாங்கிட்டான்!" மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்போ உனக்குத் தெரியுமாடி?"

"போடும்போதே சொல்லிட்டான்மா. அவன் வளர்த்த கல்லுதான் வேணும்னு கேட்டதே நான்தான். நீ லென்ஸை எடுத்துக்கிட்டு சாமியாடுவியேன்னு பயந்துதான்..."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, எட்டி மகளின் காதைப் பிடித்துத் திருகினேன்.

"உங்கப்பன் புத்தி உனக்குத்தான்டி வந்திருக்கு!" என்றேன். பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "மாப்பிள்ளை, இவகிட்ட நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, உதைபட்ட காலைத் தடவிக்கொண்டே மூன்றாம் தடவை சோறு கேட்டார்.