பின்கூடத்துச் சுவர்

என் தங்கை புருஷன், வீட்டில் இருக்கும்போது என்னை அக்கா என்பான். ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததும் நான் மேடம் ஆகிவிடுவேன். அவன் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஆர்க்கிடெக்ட். நான் ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் ஸ்டேஷனை முதலில் கட்டியது போலவே மீட்டெடுக்கும் வேலை அவன் கைக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். நானும் விடாமல் அவனைச் சார் என்றே கூப்பிட்டேன்.

சண்டை ஒரு ஓட்டையைப் பற்றியது. ஸ்டேஷனில் இரண்டு கூடங்கள். உயர்ந்த வளைவுகளும் வண்ணக் கண்ணாடியுமாக முன்கூடம், காசுள்ளவர்களுக்காகக் கட்டியது. தகரக் கூரையும் கல் பெஞ்சுமாகப் பின்கூடம், மற்றவர்களுக்கு. நடுவில் முழுச் சுவர். எப்போதோ யாரோ அதை ஆள் நுழையும் அளவுக்கு இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பின்பக்கத்து பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் அதன் வழியாகத்தான் டிக்கெட் கவுண்டருக்கு வருவார்கள். தோளும் மூட்டையும் உரசி உரசி அந்தச் செங்கல் விளிம்பு வழவழத்துப் போயிருந்தது.

அவன் அதைச் சேதம் என்றான். நான் வழி என்றேன். அடைத்தால் ஜனங்கள் பார்சல் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். எழுதியும் கொடுத்தேன். மேலிடம் அவன் பக்கம்.

"வரைபடத்துல முழுச் சுவருதான் இருக்கு, மேடம். வரைபடத்துல இல்லாத எதையும் நான் வைக்க முடியாது," என்றான்.

"நடக்கிறவங்க காலு வரைபடத்துல இருக்கா, சார்?" என்றேன்.

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அதோடு அவன் என்னிடம் பேச்சை நிறுத்தினான். என் வீட்டுக்காரருக்குப் பேர் வருகிற நேரத்தில் நீ குறுக்கே நிற்கிறாயே என்று தங்கை போனில் அழுதாள். நான் பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

அடைத்தான். அதே அளவுப் பழைய செங்கலைத் தேடிப் பிடித்து, சுண்ணாம்புக் கலவையால் கட்டி, சுவர் முழுக்க ஒரே பூச்சாகப் பூசி மெருகேற்றினான். தழும்புகூடத் தெரியவில்லை. வேலை சுத்தம், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பின்கூட வாசலில் பெயின்ட்டைச் சுரண்டும்போது அடியில் கிடந்த 'மூன்றாம் வகுப்பு' என்ற எழுத்தையும் விடவில்லை. அதற்கும் புதிதாக வண்ணம் தீட்டினான்.

திறப்பு விழா அன்று முன்கூடம் நிறைய அதிகாரிகள். அவன் தன் அம்மாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தான். அது காலியாகவே கிடந்தது. வாசலைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு வியர்த்தது. போர்ட்டர் வந்து என் காதைக் கடித்தார். அந்தம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, பழைய வழியைத் தேடித் திகைத்துப்போய், பின்கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். முழங்கால் வலி வேறு. நான் அவனிடம் சொன்னேன். நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன்.

பார்சல் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். அதைப் பார்க்காமல் இருக்க என்னால் ஆகாது.

அந்தம்மா கல் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் காத்திருக்கிறார்கள், மெதுவாகச் சுற்றிப் போய்விடலாம் என்று இவன் கெஞ்சினான்.

"என்னால சுத்த முடியாது," என்றார். "உன்னைக் காலேஜுக்கு ரயிலேத்திவிட இந்தச் சுவத்து ஓட்டைக்குள்ளதான் உன் பெட்டியத் தூக்கிட்டு நடந்தேன். அந்த வழி எங்க? காட்டு, வர்றேன்."

அவன் சுவரருகே போனான். உள்ளங்கையால் தடவினான். கொஞ்சம் தள்ளித் தட்டிப் பார்த்தான். இன்னும் தள்ளி ஒரு தட்டு. எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு, ஒரே சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, எந்த இடம்?"

ஸ்டேஷனுக்குள் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்தை நான் காட்டுவேன். ஆனால் மனசு இளகவில்லை.

"வரைபடத்துல பாருங்க, சார்," என்றேன்.