சல்லடை அக்காவின் மேசை

வேக்குவம் கிளீனர் விற்கும் கடைக்கு ஜனங்கள் வேக்குவம் கிளீனர் வாங்கத்தான் வருவார்கள் என்று யாரும் நினைப்பார்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்துக் கடையைத் திறந்தான். திறந்து பல மாதம் ஈ ஓட்டினான். கூடமாட ஒத்தாசைக்கு வந்த அக்காவும் சேர்ந்து ஓட்டினாள்.

ஒருநாள் புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி அழுதுகொண்டே ஓடி வந்தாள். அவள் வாங்கிப்போன மெஷின் கல்யாண மோதிரத்தை விழுங்கிவிட்டதாம். மாமியார் கண்ணில் வெறும் விரல் படுவதற்குள் எடுத்தாக வேண்டும். தம்பி கையைப் பிசைந்தான். அக்கா மெஷினிலிருந்து தூசிப்பையைக் கழற்றி, பக்கத்துக் கடையில் மாவுச் சல்லடை ஒன்றை இரவல் வாங்கி, வாசலிலேயே பேப்பர் விரித்து உட்கார்ந்து சலித்தாள். மோதிரம் கிடைத்தது. காணோம் என்று மாமனார் வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாரே, அந்தப் பேனா மூடியும் கிடைத்தது.

அவ்வளவுதான், சேதி தீயாய்ப் பரவியது. வேறு கடையில் மெஷின் வாங்கியவர்கள்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? காத்திருக்கும் நேரத்தில் நாலு மெஷினைத் தடவிப் பார்த்தார்கள், ஒன்றை வாங்கியும் போனார்கள். ஒரு கடை ஒன்பது கடையாயிற்று. ஒவ்வொன்றிலும் வாசலோரம் ஒரு மேசை, ஒரு சல்லடை, அக்கா பார்த்துப் பொறுக்கிய ஒரு பெண். ஊருக்கே அவள் சல்லடை அக்கா ஆனாள். தம்பி கோட்டுப் போட ஆரம்பித்தான். கோட்டு அவனுக்குப் பொருந்தவே இல்லை, ஆனால் பணக்காரன் தோளில் எது தொங்கினாலும் அழகுதானே, யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அவனே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். பையே இல்லாத மெஷின் ஒன்று வந்தது. பைக்குப் பதில் கண்ணாடி மாதிரி ஒரு டப்பா; உள்ளே விழுவதெல்லாம் வெளியே தெரியும். ஒன்பது கடையிலும் பேனர் கட்டி, வாயெல்லாம் பல்லாக விற்றுத் தள்ளினான். நல்ல மெஷின், குற்றம் சொல்ல முடியாது. தோடு விழுந்தால் வீட்டுக்காரர்களே பார்த்தார்கள், மூடியைத் திறந்து எடுத்துக்கொண்டார்கள். கடைப்பக்கம் வர அவர்களுக்கு என்ன வேலை? அடுத்த மெஷினைப் போனிலேயே ஆர்டர் போட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சியது முதல் கடையும், அக்காவும், தம்பியும்தான்.

ஆனாலும் அக்காவின் மேசைக்கு வாரம் ஒருவராவது பழைய பையோடு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவள் தேடி எடுத்துக் கொடுத்ததும் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்கூட அதற்கு ஈடாகாது. அந்த முகத்துக்காகவே அக்கா இரண்டு பஸ் மாறி வந்தாள். முட்டி வலித்தது, தும்மல் ஓயவில்லை. நாம் வராவிட்டால் இவன் காலிக் கடையில் தனியாக உட்கார்ந்து மனசு விட்டுப்போவானே என்று அவளுக்குப் பயம்.

ஒருநாள் காலை தம்பி மனைவி போன் செய்தாள். ஒரு பெரிய கம்பெனி தம்பியைக் குடோன் மேனேஜராகக் கூப்பிடுகிறதாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவன் முடியாது என்று சொல்லப்போகிறானாம்.

"ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு, அண்ணி."

என்னவென்று சொல்வது? இருக்கிற ஒரே கடையையும் மூடு என்று எந்த வாயால் சொல்வது? பஸ் முழுக்க யோசித்தும் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

கடையில் ஒருவர் பையோடு காத்திருந்தார். மனைவியின் தோடு உள்ளே போய்விட்டதாம். அக்கா சலித்தாள். நீலப் பஞ்சாக வந்தது. கடையில் மெஷினை ஓட்டிக் காட்டுவதற்கென்றே விரித்திருக்கும் கம்பளம் அதே நீலம். அப்புறம் தோடு வந்தது, ஓரத்தில் கல் பெயர்ந்த தோடு. போன மாதம் ஒரு டீச்சரம்மாவின் பையிலும் இப்படி ஒன்று வந்தது. ஒரே மாதிரித் தோடு ஊரில் ஆயிரம் இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டாள். கல் பெயர்ந்த இடம்கூடவா ஒரே மாதிரி இருக்கும்? வந்தவர் மனப்பாடம் செய்தது போல ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, தோட்டை வாங்காமலே கிளம்பிப் போனார்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. தோட்டைக் கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைத்தாள்.

"உன் பொண்டாட்டி இப்ப ஒத்தத் தோட்டோடயாடா இருக்கா?"

தம்பி தலையைச் சொறிந்தான். மழுப்பிப் பார்த்தான். அவள் நகர்வதாக இல்லை.

"மேசை காலியா கிடந்தா நீ தாங்க மாட்டக்கா. இந்தச் சல்லடைதான் உனக்கு உசுரு. அதான் தெரிஞ்சவங்க கையில பையக் குடுத்து அனுப்பிட்டு இருந்தேன். நீ வர்ற வரைக்கும் கடைய மூடக் கூடாதுன்னு..."

"அடப்பாவி, எனக்குத் தூசியே ஆகாதுடா. மாத்திரை போட்டுட்டுத்தான் உக்காருறேன். நீ தனியா கெடப்பியேன்னுல்ல வந்துட்டு இருக்கேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும், அனுமதி கேட்கிற சின்னப்பிள்ளை போலத் தம்பி கேட்டான்.

"அப்ப மூடிடலாமாக்கா?"

"மொதல்ல அந்தக் கம்பெனிக்குப் போனப் போடு. சாயங்காலம் வரைக்கும் இழுக்காத."

அவன் அப்போதே போன் செய்தான். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லும்போது அவனை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். வைத்துவிட்டு, நாளையிலிருந்து நீ என்ன செய்வாய் என்று அக்காவைக் கவலையோடு கேட்டான்.

"பத்து மணி வரைக்கும் தூங்குவேன். அப்புறம் உன் வீட்டுக்கு வந்து, உன் பொண்டாட்டிகூட உக்காந்து உன்னப் பத்திப் புறம் பேசுவேன்."

எட்டுக் கடைகளை அழுதுகொண்டே மூடியவன், அன்று விசிலடித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினான்.