இளையதம்பியின் கன்னம்

அன்னப்பூரணி மூன்றாம் தடவையாகவும் படம் சரியில்லை என்றபோது சிறிலுக்கு அலுத்துப்போனது. இளவயதிலிருந்தே அவர் இருக்கும் மட்டக்களப்பு ஸ்டூடியோவில் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்வதுதான் இப்போது அவர் வேலை. காலையிலிருந்து திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிந்தது, இடுப்பும் விட்டுப்போயிருந்தது.

அவள் செட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸேறி வருகிறவள். வாவியில் வலை வீசிய கணவன் இளையதம்பி செத்து ஒரு மாதமாகப் போகிறது. வீட்டுப் படங்களைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. ஸ்டூடியோத் தகரப்பெட்டியில் கிடந்த இந்த நெகட்டிவ்தான் மிச்சம். முப்பத்தோராம் நாள் மாலை போட இதிலிருந்துதான் படம் எடுக்கவேண்டும்.

"கன்னத்தில தூண்டில் கிழிச்ச தழும்பு எங்க, அண்ணன்? இது ஆரோ ஒரு ஆள்."

சிறில் கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்தார். தூசி துடைக்கிறேன் என்று முகத்தையே துடைத்துவிடுகிற சனியன் அது என்றார். பிலிம் பொய் சொல்லாது என்பது அவருக்கு வேதவாக்கு. தூசி துடைப்பதை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தார். கீறல் வந்தது, பூஞ்சணம் வந்தது, தழும்பு மட்டும் வரவில்லை.

கன்னத்தை இன்னும் பெரிதாக்கினார். அந்த இடத்தில் மயிரிழை போலச் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. பென்சில் கோடுகள். கலியாணம் பேச அனுப்பும் படமென்றால், நெகட்டிவில் கூர்ப்பென்சிலால் தழும்பையும் பருவையும் நிரப்பிவிடுவது அந்தக்கால வழக்கம். நிரப்பியது சிறில்தான். இடக்கைக்காரரின் அந்தச் சாய்வு வேறு யாருக்கும் வராது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பழியைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிட்டு அவளை அனுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னார். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நெகட்டிவை மெல்லத் துடைத்து, காயவிட்டு, திரும்பவும் ஸ்கேன் செய்தார்.

தழும்பு வந்தது. காதடியிலிருந்து வாயோரம் வரைக்கும் கோணலாக, கறுப்பாக.

அன்னப்பூரணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் படத்தைப் பாத்துத்தான் நான் ஓம் எண்டன். தழும்பை மணவறையிலதான் கண்டன். மூணு நாள் அவரோட கதைக்கல்ல. மறுகா முப்பத்தெட்டு வருசம் அதைத்தானே பாத்துக்கொண்டிருந்தன்."

மன்னித்துக்கொள் தங்கச்சி என்று சிறில் முணுமுணுத்தார்.

அவள் விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"அப்பவே இதைக் காட்டியிருந்தா, வேணாம் எண்டிருப்பன் அண்ணன்."