நாற்பது டிக்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் அக்காவுக்கு நடந்தது. நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருடம் உடற்கூறியல் நடத்தியவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். முடித்ததும், "இத எழுதிடாதடி" என்றாள். எழுதுகிறவளிடம் அப்படிச் சொல்பவர்கள் பாதி மனதோடுதான் சொல்கிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். (அது என் வசதிக்கான நினைப்பாகவும் இருக்கலாம்.)

முதல் வரியாக இதை எழுதினேன்: மேசைமேல் ஓர் உடல் கிடந்தது, அதன்

நிறுத்திவிட்டேன். கிடந்தது உடல் இல்லை, வெளிச்சம். கட்டில் அளவுக்கு ஒரு தொடுதிரை. விரலால் இழுத்தால் தோல் விலகும். இன்னொரு முறை இழுத்தால் தசை விலகும். அடியில் நரம்புகள் மஞ்சளாக ஓடும். அது கல்லூரிக்கு வந்த நாளில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பழுப்பேறிய எலும்புகளைக் காட்டி மாணவிகளைத் தூங்கவைத்த காலம் ஒழிந்தது என்று ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

2

அடுத்து அந்தப் பெண். இரண்டாம் வருட மாணவி. திரையில் நடக்கும் தேர்வில் எப்போதும் நூற்றுக்கு நூறு என்பதால் வகுப்பில் அவள் பெயரே நூறு. முதல் வரைவில் அவளை அலட்சியக்காரியாக எழுதியிருந்தேன். [நூறு செல்போனைப் பார்த்தபடியே ஊசியை எடுத்தாள்.] கதைக்கு வசதியாக இருந்தது. மறைக்க மனம் வராமல் அக்காவிடம் படித்துக் காட்டினேன். எழுதியதற்காக அவள் என்னைத் திட்டவில்லை.

"அவ அலட்சியமானவ இல்ல. நான் சொல்லிக்கொடுத்தத அப்படியே செஞ்சா. அதுதான் பிரச்சினை."

அந்தச் செல்போன் வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று மேலே அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்திருக்கிறேன்.

3

நூறு பயிற்சிக்குப் போன வார்டில் ஒரு தையல்காரர். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. வலியில் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துச் சுருண்டு படுத்திருந்தார். அவருக்குப் புட்டத்தில் ஊசி போட வேண்டும். கூட நின்ற நர்ஸை அடுத்த கட்டிலுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

திரையிலிருந்த உடல் எப்போதும் நேராகக் குப்புறப் படுத்திருக்கும், அளவான சதையோடு. குத்த வேண்டிய இடத்தில் பச்சை வட்டம் தெரியும். நூறு அந்த வட்டத்தை மனதில் கொண்டுவந்து, அவர் நேராகப் படுத்திருந்தால் அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் குத்தினாள்.

தையல்காரர் கத்தவில்லை. காலை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுநாள் எழுந்து நின்றபோது வலது பாதம் தொங்கிப்போயிருந்தது. ஊசி காலுக்கு ஓடும் நரம்பில் பட்டிருக்கிறது. (அவர் மிஷினை மிதிப்பது அந்தப் பாதத்தால்தான் என்று நான்கு வரி எழுதிக் கிழித்தேன். உண்மைதான், ஆனால் உங்களை அழவைப்பதற்காகவே எழுதிய வரிகள்.)

4

பயிற்சிப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: எலும்பு மேடுகளை நிஜ உடம்பில் விரலால் தடவி அடையாளம் காணுதல். நாற்பது மாணவிகளுக்கும் அக்கா டிக் போட்டிருந்தாள். ஒருத்திகூட யாரையும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. திரையில்தான் எல்லோரும் தேறிவிட்டார்களே என்று நினைத்திருக்கிறாள்.

கல்லூரி முதல்வர் கெட்டவர் இல்லை. கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று பார்த்தார். பதிவேடு சரியாக இருக்கிறது, மாணவி கவனம் தவறிவிட்டாள், அதோடு முடித்துக்கொள்வோம் என்றார். அக்கா இரண்டு நாள் அவகாசம் கேட்டாள்.

இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. நூறு பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். வகுப்பில் திரை மறுபடி ஒளிர்கிறது. கதையாக அதுதான் கனமாக இருந்தது. அந்த இரண்டு நாளும் பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் அக்காவும் முடிவு செய்திருந்தாளாம்.

இரண்டாம் நாள் மாலை நூறு வகுப்பறைக்கு வந்தாள்.

"மிஸ், நான் எங்க தப்பு பண்ணேன்னு காட்டுங்க."

அக்கா திரையைப் போட்டாள். மஞ்சள் நரம்பு வரைக்கும் போனாள். பிறகு அணைத்துவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தாள். என் இடுப்பெலும்பு எங்கே முடிகிறது, கண்டுபிடி என்றாள். அந்தப் பெண்ணின் விரல் முதலில் புடவைமேலேயே நின்றுவிட்டதாம். அழுத்தலாமா, எவ்வளவு அழுத்தலாம், எதுவும் தெரியவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய கை. வெகுநேரம் தேடியது.

அக்கா எழுந்து, அப்படியே முதல்வர் அறைக்குப் போனாள்.

"அந்த டிக் எல்லாம் பொய் சார். போட்டது நான்."

5

அக்காவை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மருத்துவமனைக் கிடங்கில் பஞ்சும் கையுறையும் பார்த்துக்கொள்கிறாள். ஆறு மாதப் படிப்பை நூறு திரும்பப் படிக்கிறாள். தையல்காரர் வீட்டுக்கு அக்கா இரண்டு முறை போனாள். முதல் முறை அவர் மனைவி கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை உள்ளே உட்காரவைத்தார்கள். அக்கா மன்னிப்புக் கேட்டதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அந்தப் பொண்ண மறுபடி வேலைக்கு விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

விடக்கூடாது என்று கேட்டாரா, விட வேண்டும் என்று கேட்டாரா, அக்காவுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கேட்கவும் துணிவு வரவில்லை.

நானும் அதற்குப் பதில் எழுதப்போவதில்லை; கடைசி வாக்கியத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஒரு காலைப்பொழுது, வார்டில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு உங்கள் கட்டிலருகே வருகிறாள். அவளைப் பற்றி எல்லாம் உங்களுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "தொட்டுப் பாக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்கிறாள். நீங்கள்